சூடா என்ன இருக்கு?

போன மாதம் செம்பூரில் நான் கடைசிவரை வேலை பார்த்த ஹோட்டலுக்குக் காபி குடிக்கப் போயிருந்தேன். மேசைக்கு மேசை ஒரு கறுப்புக் கட்டம் ஒட்டியிருக்கிறார்கள். வருகிறவர் அதற்கு நேரே போனைக் காட்டினால் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் போனிலேயே வந்துவிடுகிறது. சப்ளையர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அங்கே இப்போது வேலை பார்க்கிறவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, எல்லாவற்றையும் வாயால் சொல்லி விற்ற காலத்தில் திக்குவாயை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளினீர்கள் என்று கேட்டார்கள். பேசிச் சொன்னால் அவர்களுடைய ஷிப்ட் முடிந்துவிடும். எழுதித் தருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு வந்தேன். எழுதும்போது எனக்குத் திக்காது. பிழை வரும், அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டேன். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்வார்கள். நான் ஒரு எழுத்தில் நின்றுவிட்டால் வாத்தியார் அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிப்பார். அடிகூடப் பெரிதில்லை. வகுப்பு முழுவதும் எனக்கு உதவுகிறேன் என்று அந்த எழுத்தில் ஆரம்பிக்கிற வார்த்தைகளாக எடுத்துக் கொடுக்கும். ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அந்தத் தலையாட்டல்தான் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் என் வாழ்க்கையை நடத்தியது.

பம்பாய் தாதரில் ரயிலை விட்டு இறங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. குர்லாவில் மாமா முறையில் ஒருவர் இருந்தார். டிக்கெட் கவுண்டரில் ‘கு’ என்று ஆரம்பித்தேன். பின்னால் பெரிய வரிசை. உள்ளே இருந்தவர் “கல்யாண்?” என்றார். தலையாட்டினேன். வண்டி குர்லாவில் நின்றது. பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கல்யாணுக்கு டிக்கெட் வாங்கிவிட்டு நடுவில் இறங்குவது ஏதோ ஏமாற்று வேலை மாதிரி எனக்குப் பட்டது. கல்யாணில் ஒரு அரிசி மண்டியில் ஆறு மாதம் சாக்கு தைத்தேன். பைகுல்லா மார்க்கெட்டில் நல்ல கூலி என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். ‘பை’ வரவில்லை. “பாண்டுப்?” என்றார் கவுண்டர்காரர். பாண்டுப்பில் எட்டு மாதம் பெயிண்ட் டப்பாக்களின் நெளிசல் எடுத்தேன். அங்கிருந்து மஸ்ஜித் ஸ்டேஷனுக்கு மூட்டை தூக்கப் புறப்பட்டவன் மாட்டுங்காவில் இறங்கினேன். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இந்தியிலும் திக்கும், தமிழிலும் திக்கும். இந்தியில் திக்கினால் மதராஸிக்குப் பாஷை தெரியவில்லை என்பார்கள். தமிழில் திக்கினால் பம்பாய்க்கு வந்து தமிழை மறந்துவிட்டான் என்பார்கள். திக்குகிறது என்று மட்டும் யாரும் நினைக்கவில்லை.

மாட்டுங்காவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு சைவ ஹோட்டல். வாசலில் சாக்பீஸில் ஆள் தேவை என்று தமிழில் எழுதியிருந்தது. உள்ளே கல்லாவில் மேனேஜர் வெங்கிட்டு சார் இருந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் மூன்று பேனா. நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு வழக்கம்: கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்வார்.

“பேர் என்ன? முத்துவா, மாரியா? முத்துன்னே வெச்சுப்போம். எந்த ஊர்? திருநெல்வேலிப் பக்கம், பாத்தாலே தெரியறது. ஹோட்டல்ல இருந்திருக்கியா? இல்லை. மேஜை தொடைப்பியோன்னோ? தொடைப்பே. போய்க் குளிச்சுட்டு வா.”

என் பெயர் முத்து இல்லை. ஆனால் வேலை கிடைத்துவிட்டது.

மேசை துடைக்கிற வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை. ஆனால் துடைக்கிறவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஏய்’ என்பார்கள், சிலர் மேசையைத் தட்டுவார்கள். சப்ளையருக்குப் பெயர் உண்டு. வாடிக்கையாக வருகிறவர்கள் ‘பலவேசம், என்னப்பா’ என்று கேட்டுக்கொண்டே உட்காருவார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போன இரண்டு சப்ளையர்கள் திரும்பி வரவில்லை. வெங்கிட்டு சார் என்னைக் கூப்பிட்டு, சப்ளையர் ஆக விருப்பமா என்று கேட்டு, விருப்பம்தான் என்று சொல்லி, வெள்ளைச் சட்டை கொடுத்துவிட்டார். ‘முத்து’ என்று ஆறு மேசைக்காரர்கள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அது என் பெயரில்லைதான். இருந்தாலும் பெயர்தானே. அதை இழக்க எனக்கு மனமில்லை. திக்குவாய் என்று தெரிந்தால் மறுபடி துணியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த முறை தெரியாது. வருகிறவர் உட்கார்ந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: சூடா என்ன இருக்கு? சப்ளையர் உடனே இட்லியில் ஆரம்பித்துக் காபியில் முடிகிற இருபத்திரண்டு ஐட்டத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டும். பழைய சப்ளையர் பலவேசம் இதை எங்கேயோ பார்த்துக்கொண்டு, தண்ணீர் வைத்துக்கொண்டே சொல்வான். சொல்கிறவனும் காதில் வாங்குவதில்லை, கேட்கிறவரும் வாங்குவதில்லை. முழுவதும் முடிந்தபிறகு அவர் ரெண்டு இட்லி என்பார். பட்டியல் சொல்லாமல் இட்லியைக் கொண்டு வந்து வைத்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

ஆர்டரை அடுக்களை ஜன்னலில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். உள்ளே சங்குண்ணி மாஸ்டர், பாலக்காட்டுக்காரர். கல்லில் தண்ணீர் தெளித்து, அது சுர்ரென்று அடங்குகிற நேரத்தில் மாவை ஊற்றுவார். முதல் நாள் நான் ஜன்னலில் நின்று ‘ம’ என்று ஆரம்பித்தேன். அவர் தண்ணீர் தெளித்தார். கல் அடங்கிக் காய்ந்தது. மறுபடி தெளித்தார். நான்காவது தடவை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மசால் தோசை என்று கையால் மடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் சைகைதான். விரித்த கை சாதா, மடித்த கை மசால். கத்தல் இல்லாததால் அவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

ஆனால் வாடிக்கைக்காரரிடம் சைகை செல்லாது. ஒவ்வொரு திக்குவாயனுக்கும் ஒவ்வொரு எழுத்து எதிரி. எனக்கு க, ச, த, ப, ம, வ எல்லாம் எதிரிகள். உயிரெழுத்துக்கள் பெரும்பாலும் வழி விட்டுவிடும். ஆகவே என் பட்டியல் இப்படி ஆனது: “இட்லி, உப்புமா, ஊத்தப்பம், அடை.” அடை சாயங்காலம்தான். ஊத்தப்பத்துக்கு நேரமாகும். இட்லிதான் எல்லா ஹோட்டலிலும் இருக்கிறதே என்று நினைக்கிறவருக்கு மிச்சம் உப்புமா. என் ஆறு மேசையிலும் ஜனங்கள் உப்புமா சாப்பிட ஆரம்பித்தார்கள்.

பாட்டாகப் பாடினால் திக்காது என்று பலவேசம் ஒரு யோசனை சொன்னான். உண்மைதான், பாடினால் எனக்குத் திக்காது. ஒரு நாள் இருபத்திரண்டு ஐட்டத்தையும் பஜனை மெட்டில் பாடினேன். ரயிலில் பாடிப் பிழைக்கிற ஆள் என்று நினைத்து அந்த மேசை அம்மாள் என் கையில் நாலணா வைத்தார். வெங்கிட்டு சார் கூப்பிட்டு, ஏதாவது வேண்டுதலா என்று கேட்டார். வேண்டுதல்தான் என்று அவரே சொல்லி, ஆனாலும் கடையில் பாடக்கூடாது என்றார். அதோடு பாட்டை விட்டேன்.

ஒரு பாங்க் குமாஸ்தா தொடர்ந்து பதினோரு நாள் உப்புமா சாப்பிட்டார். பன்னிரண்டாவது நாள் மெதுவான குரலில், இந்தக் கடையில் தோசை போடுவதை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஏன் சொல்வதில்லை என்றார். அதற்குரிய பதில் ‘த’வில் ஆரம்பித்தது. ஆகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவர் ஏதோ புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு மறுபடி உப்புமாவே கொண்டு வரச் சொன்னார்.

முன்பெல்லாம் பத்து மணிக்கும் அடுக்களையில் மிச்சம் கிடக்கிற உப்புமா இப்போது எட்டரைக்கே தீர்ந்தது. வெங்கிட்டு சார் இதைக் கவனித்தார். மாட்டுங்கா மாறிக்கொண்டு வருகிறது என்று முதலாளியிடம் சொன்னார். பாத்திரம் பெரிதானது. வாசல் பலகையில் இன்றைய ஸ்பெஷல் உப்புமா என்று எழுதினார்கள். மேனேஜரே எழுதிவிட்டாரே என்று மற்ற சப்ளையர்களும் உப்புமாவை முதலில் சொல்ல ஆரம்பித்தார்கள். தோசையில் பெயர் எடுத்த சங்குண்ணி மாஸ்டர் விடியற்காலையிலிருந்து உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு என்னைக் கண்டபோதெல்லாம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியாதது நல்லது என்று நினைக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு நாள் கல்லாவுக்குப் போனேன். “உப்புமா...” என்று ஆரம்பித்து அடுத்த வார்த்தையில் நின்றேன்.

“உப்புமாவுல முந்திரி பத்தலையா? நானே நெனச்சேன். போடச் சொல்றேன், போ.”

மறுநாளிலிருந்து உப்புமாவில் முந்திரி வந்தது. விற்பனை இன்னும் கூடியது.

பிறகு முதலாளி செம்பூரில் புதுக் கிளை திறக்க முடிவு செய்தார். அதில் உப்புமாதான் பிரதானம்: ரவை, சேமியா, அவல், கோதுமை என்று நாலு வகை. இரண்டு மூட்டை ரவை முன்கூட்டியே வாங்கிப் போட்டார்கள். தலைமை சப்ளையராக யார் போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. இரண்டாவது முறையாகக் கல்லாவுக்குப் போனேன். ‘செ’ என்று ஆரம்பித்தேன். செம்பூர் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். செம்பூருக்குத் தயார், அதுதானே, தெரியும் என்று அவர் என் தோளைத் தட்டினார். நான் தலையாட்டினேன்.

அன்றுதான் பலவேசம் எனக்கு முதலாளி வீட்டு வழக்கத்தைச் சொன்னான். அவர் எங்கே கடை திறந்தாலும் முதல் போணிக்கு உட்காருகிறவரிடம் தலைமை சப்ளையர் பட்டியல் முழுவதையும் சொல்ல வேண்டும். ஒன்றுகூட விடக்கூடாது, காபியில் முடிக்க வேண்டும், வேறு யாரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. விட்டுப்போன ஐட்டம் அந்தக் கடையில் ஓடாது என்பது முதலாளியின் நம்பிக்கை. முதல் கிளையில் எவனோ பூரியை விட்டுவிட்டானாம். அங்கே இன்றுவரை பூரி போவதில்லையாம்.

“நம்மூர்க்காரன்னுதான் சொல்லுதேன்,” என்றான் பலவேசம். “காய்ச்சல்னு படுத்துருலே.”

அப்போது நான் தாராவியில் காதர் பாயின் தோல்பை பட்டறைக்கு மேலே பரணில் குடியிருந்தேன். காயல்பட்டினத்துப் பக்கத்து மனிதர். இருபது வருஷத் தையல் மெஷின் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. யாராவது பேசினால் வேலையை நிறுத்திவிட்டு அவர்கள் வாயையே பார்ப்பார். நான் திக்குகிறவன் என்பதே அவருக்கு ரொம்ப நாள் தெரியாது. வார்த்தையை மென்று பேசுகிற ஆள் என்று நினைத்திருந்தார். திறப்பு விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையில் அவர் எதிரே உட்கார்ந்து, இதைக் கொஞ்சம் கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இருபத்திரண்டையும் சொன்னேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் ஒரு பை வாரைக் கையில் பிடித்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் யோசித்தார்.

“இதுல வடை எங்க?”

வடையை நான்தான் நைசாக விட்டுவிட்டிருந்தேன். ‘வ’ எனக்கு ரொம்ப மோசமான எழுத்து. கடைசியில் பிடிபட்டது பாதிக் காது கேட்காதவரிடம். அவர் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பசி வந்துவிட்டதாம்.

காய்ச்சல் என்று நான் படுக்கவில்லை. துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லப் போனால் வெங்கிட்டு சார் அதையும் வேறு மாதிரி முடித்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

செம்பூரில் காலை ஏழு மணிக்குத் திறப்பு. வாழைமரம், மாலை, அறுபது எழுபது பேர். முதல் போணிக்கு முதலாளியின் மாமனார் உட்கார்ந்தார். விபூதிப் பட்டை, பெரிய உடம்பு, பூஜை முடியட்டும் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். சம்பிரதாயமாகச் சூடா என்ன இருக்கு என்று கேட்டார். நான் இட்லி என்றேன். இட்லி சுலபமாக வந்தது. அடுத்தது வடை. ‘வ’வில் நின்றுவிட்டேன்.

கொஞ்ச நேரம் எல்லோரும் சிரித்த முகத்தோடு இருந்தார்கள். பிறகு மாமனார், “வடையா?” என்றார். இவ்வளவு காலம் நான் செய்தது தலையாட்டுவது. அன்றும் கழுத்து தானாக அசையப் பார்த்தது. தலையாட்டினால் இந்த வார்த்தை முடிந்துவிடும். அடுத்ததை இன்னொருவர் சொல்வார், அதற்கும் ஆட்டலாம். பத்தே நிமிஷத்தில் முதல் போணி முடிந்து நான் செம்பூரிலும் உப்புமா விற்றுக்கொண்டிருப்பேன். பொறுங்கள் என்பதற்காகக் கையைக் காட்டி, தலையை இல்லை என்று அசைத்தேன்.

வடை இல்லையாம் என்றார் ஒருவர். வெண்பொங்கலா என்றார் இன்னொருவர். பின்வரிசையிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி என்று ஒரு குரல் வந்தது. வெல்ல அப்பம், வெஜிடபிள் கட்லெட், வத்தக்குழம்பு என்று கடையில் இல்லாததெல்லாம் வந்தது. ஏலக்கடை மாதிரி ஆகிவிட்டது. முதலாளி முகம் கறுத்துக்கொண்டே போயிற்று. அவர்கள் களைத்து ஓய்ந்ததும் நான் வடை என்றேன்.

“அதைத்தானே நான் மொதல்லயே சொன்னேன்,” என்றார் மாமனார்.

பொங்கலுக்கும் இதே கலாட்டா. பூரிக்குக் கொஞ்சம் குறைந்தது. சாதா, மசால் வரும்போது பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். ஒன்பதாவது, பத்தாவது ஐட்டத்துக்குப் பிறகு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. திறப்புக்காக மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த சங்குண்ணி மாஸ்டர் கரண்டியோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார். உப்புமாவை நான் பட்டியலில் அதற்குரிய இடத்தில், பன்னிரண்டாவதாகச் சொன்னேன். அவர் அந்த இடத்தில் மட்டும் வேறு பக்கம் பார்த்தார்.

கடைசியில் காபி. ‘கா’வில் நின்றேன். அதுதான் எல்லாவற்றிலும் நீண்டது. உள்ளே டிகாக்‌ஷன் இறங்கி வாசனை கூடம் முழுவதும் பரவியிருந்தது. அங்கே இருந்த எல்லோருக்கும் அது என்ன வார்த்தை என்று தெரியும். எல்லோருக்கும் அது உடனே வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

மாமனார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு இட்லி. சட்னி தனியா.”

வெங்கிட்டு சார் என்னைச் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரவை மூட்டை மேலே உட்கார்ந்தார். மறுபடி மேசை துடைக்கிற துணியைக் கொடுக்கப் போகிறார், அல்லது ஊருக்கு டிக்கெட் என்று நினைத்தேன். மூட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாட்டுங்காவின் உப்புமா கணக்கு அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

“ஏண்டா, இத்தனை நாள் எங்கிட்ட ஏன் சொல்லலை?”

பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். நான் ‘சொ’ என்று ஆரம்பித்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். வெளியே முதலாளி அவரைக் கூப்பிட்டார். போகவில்லை. அவர் படுகிற கஷ்டத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் நான் முழுவதையும் சொன்னேன்: சொல்ல வந்தேன் சார், நீங்கள் முந்திரி போட்டுவிட்டீர்கள்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக் கையில் உருட்டினார். என் மேசையில் உட்காருகிறவர்கள் காத்திருக்கச் சம்மதிப்பார்களா என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். தெரியாது என்றேன். அதற்கும் காத்திருந்தார். பிறகு, சரி, ஜன்னல் பக்கம் நாலு மேசை உனக்கு, அவசரக்காரர்கள் வேறு பக்கம் போகட்டும் என்று எழுந்து போனார். மறுவாரம் மாட்டுங்கா வாசலில் இருந்த உப்புமா பலகையை அவரே கழற்றினார்.

திறப்பு விழாவுக்கு மறுநாள் காலை என் மேசையில் முதலில் உட்கார்ந்தவர் உரத் தொழிற்சாலைக்குப் போகிற ஒரு தொழிலாளி. முன்தினக் கூத்து எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். அன்று கல்லிலிருந்து முதலில் இறங்கியது தோசைதான். ஆகவே அதில் ஆரம்பித்தேன். ‘தோ’வில் நின்றேன். அவர் பேப்பருக்கு மேலே என்னைப் பார்த்தார். முன்பென்றால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்திருப்பேன். அன்று டம்ளர் காலியாக இருப்பது கண்ணில் பட்டது. வாய் ‘தோ’வில் நின்றபடியே கூஜாவை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். மேசை ஓரத்தில் இருந்த ஈரத்தைத் துடைத்தேன். பக்கத்து மேசைக்காரருக்குச் சாம்பார் வாளியை நகர்த்திக் கொடுத்தேன். திக்குகிற நேரத்தில் கை சும்மா இருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. இலையைப் போட்டு முடிக்கும்போது வார்த்தை வந்துவிட்டது.

“ஒண்ணு கொண்டா,” என்றார் அவர்.